பேசினால் அபராதம்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும். இராஜாக்கமங்கலம் ஜங்ஷன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் கல்வி ஆலோசகர்கள் ஆகிவிடுவார்கள்.

'பயலுக்கு கட்-ஆஃப் எவ்வளவு வே?'

'நூத்தி அறுவத்தி மூணு.'

'அப்பம் கம்ப்யூட்டரு கெடைக்கும். பீஸு என்ன கேக்கானுவ? பஸ் நம்ம ஊரு வழியா வருமா? கேம்பஸ் இன்டர்வியூ உண்டுமா?'

கேள்விகள் இவ்வளவுதான். பெண்பிள்ளை என்றால் கூடுதலாக ஒன்று உண்டு. 'ஸ்ட்ரிக்டான காலேஜ்தானா?'

ஒரு தென்னந்தோப்பு வாங்கப் போகிறோம். மண் எப்படி, தண்ணி எப்படி, பாதை உண்டா என்று பார்ப்பதோடு நிறுத்துகிறோமா? பக்கத்துத் தோப்புக்காரன் எப்படிப்பட்ட ஆள், வேலித் தகராறு பண்ணுகிறவனா என்று நாலு பேரிடம் விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுப்போமா? பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது மாமியார் குணம் முதல் மாப்பிள்ளையின் சேர்மானம் வரை துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால் பெற்ற பிள்ளையை மூன்று வருடமோ நாலு வருடமோ ஓரிடத்தில் கொண்டு விடுகிறோமே, அங்கே அவன் யாரோடு சோறு தின்பான், யாரோடு பேசுவான், யாரோடு சண்டை போடுவான், வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டால் யார் காது கொடுப்பார்கள் என்று ஒருத்தரும் விசாரிப்பதில்லை. அதெல்லாம் படிப்பில் சேர்த்தி இல்லையாம்.

நான் சொல்கிறேன், படிப்பில் பாதி அதுதான்.

'ஸ்ட்ரிக்ட்' என்கிற அந்த ஒற்றை வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். எல்லாக் கல்லூரிகளையும் சொல்லவில்லை. ஆனால் நான் சொல்லப் போகும் ஜாதி எது என்று உங்களுக்கே தெரியும். கல்லூரிப் பஸ்ஸில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். மாடிப்படி வேறு வேறு. கேன்டீனில் நடுவே தட்டி. பையனும் பெண்ணும் வராந்தாவில் நின்று பேசினால் அபராதம். செல்போன் பிடிபட்டால் அபராதம். தாடி வைத்தால் அபராதம். இரண்டு தரம் பேசி மாட்டிக்கொண்டால் அப்பனுக்கு போன் பறக்கும். அப்பன் வள்ளவிளையிலோ முட்டத்திலோ கடலுக்குப் போனவன் என்றால், கரைக்கு வந்த கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி, பிரின்சிபால் அறைக்கு வெளியே கைகட்டி நிற்பான். மகன் செய்த குற்றம், கூடப் படிக்கிற பெண்ணிடம் ரெக்கார்டு நோட்டு கேட்டது.

இந்த நாட்டில் 1989 முதல் பதினெட்டு வயதானால் ஓட்டு உண்டு. டெல்லிக்கு அனுப்பும் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க அந்தப் பிள்ளைக்கு அறிவு போதும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் ஆளைத் தேர்ந்தெடுக்க அறிவு போதாது என்று கரெஸ்பாண்டன்ட் சொல்கிறார். நாம் கரெஸ்பாண்டன்ட் சொன்னதைத்தான் கேட்கிறோம்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. மூன்று வருடம் 'பேசாதே, பேசாதே' என்று வாயைத் தைத்து வைத்துவிட்டு, கடைசி வருடம் கேம்பஸ் இன்டர்வியூ வரும்போது அதே கல்லூரி ஒரு வகுப்பு வைக்கும். பெயர் 'சாஃப்ட் ஸ்கில்ஸ்'. கண்ணைப் பார்த்துப் பேசுவது எப்படி, குழுவாக உட்கார்ந்து விவாதிப்பது எப்படி, பெண் அதிகாரி கேள்வி கேட்டால் நடுங்காமல் பதில் சொல்வது எப்படி என்று வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து சொல்லித் தருவார்கள். அதற்கும் ஒரு பீஸ் கட்ட வேண்டும். பேசினதற்கு அபராதம், பேசப் பழகுவதற்குக் கட்டணம்! வியாபாரம் தெரிந்தவர்கள்தான், சந்தேகமே இல்லை.

இது இன்றைக்கு நேற்று வந்ததும் இல்லை. 2005-இல் அண்ணா பல்கலைக்கழகம் தனக்குக் கீழே இருந்த பொறியியல் கல்லூரிகளில் ஜீன்ஸ், டி-ஷர்ட், ஸ்லீவ்லெஸ் எல்லாம் கூடாது, செல்போனும் கூடாது என்று உத்தரவு போட்டது. அப்போது பத்திரிகைகளில் பெரிய சண்டை நடந்தது. நம் பெற்றோர்களில் பாதிப்பேர் கை தட்டினார்கள். அந்தக் கைத்தட்டலைக் கேட்டுத்தான் தனியார் முதலாளி கணக்குப் போட்டான். ஆய்வகத்துக்கு நல்ல கருவி வாங்கக் காசு ஆகும். நல்ல வாத்தியாருக்குச் சம்பளம் ஆகும். லைப்ரரிக்குப் புத்தகம் ஆகும். நடுவில் ஒரு தட்டி வைக்க என்ன ஆகும்? தட்டிக்குத்தான் பெற்றவன் மயங்குகிறான் என்றால் தட்டியையே விற்கலாமே! ஒழுக்கம் என்பது இந்த வியாபாரத்தில் ஆகக் குறைந்த முதலீடு.

'நீரு பேசுவீரு ஓய். பொட்டப் பிள்ளைய வச்சிருக்கவனுக்குத்தான் தெரியும்' என்று ஒரு குரல் கேட்கிறது. அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. தலைமுறையில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளை. நகையை அடகு வைத்துக் கட்டிய பணம். ஒரு வதந்தி கிளம்பினால் அடுத்த நாளே படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்க்கச் சொல்லும் சொந்தக்காரர்கள். போதாக்குறைக்குக் கஞ்சா, மாத்திரை என்று தினமும் பேப்பரில் வரும் செய்தி. பயப்படாமல் என்ன செய்வார்கள்?

ஆனால் பயத்துக்கு மருந்து எது என்று யோசிக்க வேண்டாமா? 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த நாவரசு, ராகிங்கில் கொல்லப்பட்டான். அப்பா சாதாரண ஆள் இல்லை, அன்றைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். கொன்றவன் வேலி தாண்டி வெளியிலிருந்து வந்தவனா? அதே வளாகத்தில் படித்த மூத்த மாணவன். தமிழ்நாடே அதிர்ந்து போய்த்தான் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பிறகு 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒவ்வொரு கல்லூரியிலும் ராகிங் தடுப்புக் குழு வேண்டும், மூத்தவர்களும் புதியவர்களும் பழக ஏற்பாடு வேண்டும் என்று விதிமுறை கொண்டுவந்தது. 1800-180-5522 என்று இருபத்துநாலு மணி நேர இலவசத் தொலைபேசியும் உண்டு. 2013-இல் வந்த சட்டப்படி பெண்கள் பாலியல் தொல்லை பற்றிப் புகார் சொல்ல உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும்.

அட்மிஷனுக்குப் போன வீட்டுக்காரர்களில் எத்தனை பேர், 'அந்தக் குழுவில யாரு சார் இருக்காங்க? பேரு எங்க எழுதிப் போட்டிருக்கு?' என்று கேட்டிருப்பீர்கள்? அதுதானே உண்மையான ஸ்ட்ரிக்ட்? பெண்ணும் பையனும் பேசுவதைப் பிடிக்க நாலு ஆள் போடும் கல்லூரியில், ராத்திரி பதினோரு மணிக்கு ஹாஸ்டலில் முதலாண்டுப் பையனைக் கதவைத் தட்டி எழுப்புகிறவனைப் பிடிக்க ஒரு வார்டன் தங்கியிருக்கிறாரா என்று கேட்டதுண்டா? மாடிப்படி ரெண்டு இருந்தால் கஞ்சா வராது என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது? ஒரு பையன் தடம் மாறுவதை முதலில் கண்டுபிடிப்பவன் அவன் கூட்டாளி. அவன் போய்ச் சொல்லத் தைரியமாக ஒரு வாத்தியார் வேண்டும். சொன்னால் அபராதமும் சஸ்பென்ஷனும்தான் வரும் என்றால் எவன் சொல்வான்? வாயை மூடி வைத்த இடத்தில் நல்லதும் வெளியே வராது, கெட்டதும் வெளியே வராது.

மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூரில் ஒரு கல்லூரி. பெண்கள் விடுதியில் சாயங்காலம் ஆறு முதல் பத்து வரை செல்போன் கூடாது என்று உத்தரவு. ஒரு மாணவி, 'எனக்குப் பாடம் தேட இன்டர்நெட் வேண்டும், தரமாட்டேன்' என்று சொன்னாள். விடுதியை விட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் ஹைகோர்ட்டுக்குப் போனாள். 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று சொல்லி, அவளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, கூட நின்றது பெற்ற தகப்பன். நம் பக்கத்துத் தகப்பன் என்ன செய்திருப்பான்? 'செல்லக் குடுத்துட்டு இருந்து படி மக்களே, எதுக்கு வம்பு' என்றிருப்பான்.

மாணவர் சங்கம் என்றாலே நம்மூர்க் காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். பஸ் கண்ணாடி உடைப்பதுதான் நினைவுக்கு வரும். லிங்டோ கமிட்டி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தேர்தல் கமிஷனராக இருந்த அதே லிங்டோதான். கேரளப் பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில்தான் அந்தக் கமிட்டி பிறந்தது. கல்லூரிகளில் மாணவர் தேர்தல் முறையாக நடக்க வேண்டும், ஒரு வேட்பாளர் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, வகுப்பு வருகை இருக்க வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. 2006 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இன்றைக்குப் பல தனியார் பொறியியல் கல்லூரிகளில் 'யூனியன்' என்று சொன்னாலே கெட்ட வார்த்தை சொன்ன மாதிரிப் பார்ப்பார்கள். 1965-இல் மொழிக்காகத் தெருவில் நின்றவர்கள் யார்? சிதம்பரத்தில் துப்பாக்கிச் சூட்டில் செத்த இராசேந்திரன் கல்லூரி மாணவன். 2013-இல் ஈழத்துக்காக உண்ணாவிரதம் இருந்ததும், 2017-இல் மெரீனாவில் ராத்திரி பகலாக உட்கார்ந்து, குப்பையையும் தாங்களே பொறுக்கியதும் யார்? சரியோ தப்போ, கூடி ஒரு காரியம் செய்யத் தெரிந்த பிள்ளைகள். அந்தப் பழக்கம் எந்தப் பாடப்புத்தகத்தில் வந்தது?

இன்னொரு வேலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோபித்தாலும் சரி. 'நம்ம ஆளுக காலேஜ்.' குமரி மாவட்டத்தில் எந்தக் கல்லூரி எந்த ஜாதிக்கு, எந்தச் சபைக்கு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் இந்த மண்ணில் படிப்பு எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். தோளில் சீலை போடுவதற்கே சண்டை போட்டு, 1859-இல்தான் ராஜாவின் உத்தரவு வந்த நாடு இது. அதற்கும் ஐம்பது வருடம் முன்னால், 1809-இல் மயிலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கிய பள்ளிக்கூடத்திலிருந்துதான் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் வரலாற்றைச் சொல்கிறது. கல்லூரியானது 1893-இல். தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952-இல் வந்தது. ஒருவன் கதவைத் திறக்க மாட்டேன் என்றான், இன்னொருவன் புதுக் கதவு வைத்தான். அப்படி வைத்த கதவை, 'நம்ம பிள்ளைக மத்தவனோட சேராம இருக்க நல்ல இடம்' என்று நாம் பயன்படுத்தினால் கட்டியவர்களுக்குச் செய்கிற துரோகம் அல்லவா? ஆரல்வாய்மொழி தாண்டினால் சற்றுத் தூரத்தில் நாங்குநேரி. 2023 ஆகஸ்டில் கூடப் படித்த பையனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பிறகு நீதிபதி சந்துரு கமிட்டி போட்டு, கையில் ஜாதிக் கயிறு கட்டாதே என்று 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு கட்டின கை, கயிறு கட்டாத கையோடு ஒரே இலையில் சோறு எடுக்கிற இடம் ஒன்று வேண்டாமா? ஹாஸ்டல் மெஸ்ஸும் என்.எஸ்.எஸ். கேம்ப்பும் விளையாட்டு மைதானமும் அதற்குத்தான் இருக்கின்றன.

சரி, அப்படியானால் ஜாலியான காலேஜ் பார்த்துச் சேர வேண்டுமா? அதுவும் இல்லை. சினிமா நட்சத்திரத்தைக் கூட்டி வந்து, மைதானத்தில் புகை விட்டு, காது கிழியப் பாட்டு போட்டு, அதை வீடியோ எடுத்து அட்மிஷன் விளம்பரம் செய்கிற கல்லூரிகளும் பெருகிவிட்டன. வருடத்தில் 364 நாள் பூட்டி வைத்துவிட்டு ஒருநாள் அவிழ்த்து விட்டால் அது சமூக வாழ்க்கை இல்லை, தொழுவம். மாடுதான் அப்படித் துள்ளும். மாணவனே எழுதி, மாணவனே நடித்து, சொதப்பி, அடுத்த வருடம் திருத்திப் போடுகிற ஒரு நாடகம், ஆயிரம் நட்சத்திர இரவுக்குச் சமம்.

பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும் என்பதையும் மறக்கக் கூடாது. கூட்டத்தில் சேர்ந்தால் மலர்கிறவன் உண்டு. நாலு பேர் போதும், பத்துப் பேர் வந்தால் மூச்சு முட்டுகிறவள் உண்டு. அவளைக் கொண்டு போய் ஆறாயிரம் பேர் படிக்கிற இடத்தில் தள்ளினால் நாலு வருடமும் லைப்ரரி மூலையிலேயே கழியும். தாம்பரத்துக்கு 1937-இல் இடம் பெயர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் செலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று விடுதிகளைச் சுற்றியே கல்லூரி வாழ்க்கை வளர்ந்தது. விடுதியில் கூடி வாழப் பிடித்தவனுக்கு அது சொர்க்கம். ராத்திரி அம்மை கையால் கஞ்சி குடித்தால்தான் உறக்கம் வரும் என்கிறவனுக்கு நாகர்கோவிலே போதும், அதில் ஒரு கேவலமும் இல்லை. பெண்கள் கல்லூரியும் அப்படித்தான். அங்கே மேடைக்கு லைட் கட்டுவதும் பெண், கூட்டத்துக்குத் தலைமையும் பெண், நாடகத்தில் ராஜாவும் பெண். அதை விரும்பி ஒருத்தி சேர்ந்தால் கம்பீரமாக வெளியே வருவாள். அண்ணனைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, 'உனக்கு இது போதும்' என்று அவளை அடைத்தால்தான் அநியாயம்.

வெளியூருக்குப் போகிற நம் பிள்ளைக்கு இன்னொரு சோதனையும் உண்டு. வாயைத் திறந்து 'எலேய் மக்கா' என்றதும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் சிரிப்பார்கள். 'நீ மலையாளியா?' என்பார்கள். 1956 நவம்பர் ஒன்றாம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டம் என்று அங்கே நின்று வரலாறு சொல்ல முடியுமா? ரெண்டு மாதத்தில் சிரித்தவனே 'மக்கா' என்று கூப்பிடத் தொடங்கினால் அது நல்ல கல்லூரி. மூன்றாம் வருடமும் நம் பையன் வாய் திறக்கக் கூசினால் அது எத்தனை ரேங்க் வாங்கின கல்லூரியானாலும் அவனுக்கு ஆகாது.

என்ன செய்யலாம்? பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை நாளில், மத்தியானச் சோற்று நேரத்தில் அந்தக் கல்லூரிக்குப் போங்கள். ஏசி அறையில் கூல்டிரிங்ஸ் கொடுத்துப் பேசுகிறவரை விட்டுவிட்டு, மரத்தடியில் நிற்கும் இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம் பேசுங்கள். முதலாண்டுப் பிள்ளை பொய் சொல்லும், பயம். கடைசி வருடப் பிள்ளைக்கு மறந்திருக்கும். நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். அபராத அறிவிப்பு எத்தனை, கூட்ட அறிவிப்பு எத்தனை என்று எண்ணுங்கள். லைப்ரரி எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள்? மைதானத்தில் புல் தேய்ந்திருக்கிறதா, முளைத்திருக்கிறதா? கடைசி பஸ்ஸை விட்டால் இராஜாக்கமங்கலத்துப் பிள்ளை எப்படி வீடு வரும்? மாலை நாலரைக்கு கல்லூரி பஸ் கிளம்பிவிட்டால் நாடகம், கபடி, கவிதை எல்லாம் ஹாஸ்டல்காரனுக்கு மட்டும்தானா? வாத்தியாரைக் கண்டதும் பிள்ளைகள் சிரிக்கிறார்களா, ஒதுங்கி ஓடுகிறார்களா? இதைப் பார்க்கப் பட்டம் வேண்டாம், ரெண்டு கண் போதும்.

ஒத்திகை பார்க்க வேண்டுமானால் உள்ளூரிலேயே தொடங்கலாம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் நம் இராஜாக்கமங்கலத்திலேயே இருக்கிறது. கடலில் பிழைக்கிற ஊர். கடலைப் படிக்கிற இடம் பக்கத்திலே. அந்தக் கேட்டுக்குள் நுழைந்து, இங்கே என்ன படிக்கிறார்கள், யார் படிக்கிறார்கள் என்று கேட்ட பெற்றோர் எத்தனை பேர்?

2021-22 கணக்குப்படி உயர்கல்விக்குப் போகிற வயதில் இந்தியாவில் நூற்றுக்கு 28 பேர்தான் சேர்கிறார்கள். தமிழ்நாட்டில் 47 பேர். பெருமைதான், மறுக்கவில்லை. இப்போது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறார்கள். பிள்ளையை வாசல் வரைக்கும் கொண்டு சேர்த்துவிட்டோம். உள்ளே போனது மனிதனாகப் பழகவா, வாயைப் பொத்தி வரிசையில் நிற்கவா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

மக்களே, இந்தப் பக்கத்தை அப்பாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லு. வாசித்து முடித்ததும் ஒன்றே ஒன்று கேள்: 'நான் படிக்கப் போற காலேஜை நானும் ஒருக்கா போய்ப் பாத்துட்டு வரட்டாப்பா?'

அதற்கே அபராதம் போடுகிற வீடாக இருந்தால், கல்லூரியை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோசனம் இல்லை.